காத்தாடி மேலே 108 ஏறி வராது

சித்தப்பா: முப்பந்தல் பக்கம் காற்றாலைக் காத்தாடி மேலே வேலை பார்த்த ஒருத்தருக்குக் கையில் அடி என்று ஸ்டேட்டஸில் ஓடுகிறது. நம்ம பெரியவன் அந்த டீம்தானே? யாராவது பதில் போடுங்கப்பா

மதினி: அவருக்கு ஒன்றும் இல்லை மாமா. கூட வேலை பார்க்கிற பையனுக்கு முழங்கைக்குக் கீழே தகரம் கிழித்துவிட்டது. ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் தையல் போட்டாச்சு, விரலெல்லாம் அசைக்கிறானாம்

பெரியம்மா: முருகா. அந்த 108 பிள்ளைகள் நல்லா இருக்கணும்

அத்தான்: இருக்கணும் அத்தை, ஆனால் அவர்கள் டவருக்கு அடியில்தான் நிற்க முடியும். மேலே 80 மீட்டரில், குனிந்து நிற்கிற இடத்தில், ரத்தம் பீறிட்டால் டாக்டரும் நர்ஸும் கூட நிற்கிறவன்தான். நேற்று அது நம்ம மச்சான். அதை யாருமே சொல்லவில்லை, ஸ்டேட்டஸில் ஆம்புலன்ஸ் படம் மட்டும் போட்டிருக்கிறார்கள்

நான்: அண்ணன் என்ன செய்தான் அத்தான்? வீட்டில் கேட்டால் "சும்மா கட்டுப் போட்டேன்" என்கிறான்

அத்தான்: சும்மாவா? முதலில் கையுறை மாட்டிக்கொண்டு, பஞ்சுப் பேட் வைத்து நேராக அழுத்தியிருக்கிறான். நனைந்ததும் பலபேர் செய்வதுபோல எடுத்துப் பார்க்கவில்லை, அதன் மேலேயே இன்னொன்று வைத்து இறுக்கிக் கட்டி, நேரத்தை மார்க்கரில் கட்டு மேலேயே எழுதிவிட்டான். அப்புறம் பையனுக்கு பெல்ட் மாட்டி, அவசரத்துக்கு இறக்குகிற கயிற்றில் மெல்ல இறக்கினார்கள். ஒற்றைக் கையால் ஏணியில் இறங்க முடியாது இல்லையா. கீழே வந்த 108 தம்பி அந்த நேரத்தைப் பார்த்துத்தான் பேப்பரில் எழுதிக்கொண்டாராம்

சித்தப்பா: இதெல்லாம் எங்கே படித்தான்? பத்தாம் கிளாஸில் சயின்ஸ் என்றாலே ஓடுவான் 😄

அத்தான்: காற்றாலை ஆட்களுக்கு ஜிடபிள்யூஓ என்று ஒரு பயிற்சி மாமா. முதலுதவி, உயரத்தில் வேலை, தீயணைப்பு எல்லாம் அதில் வரும். 2 வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் போகணும். சர்டிபிகேட்டுக்காகப் போய் உட்கார்ந்து தூங்கிவிட்டு வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இவன் பொம்மை நெஞ்சை அழுத்தி அழுத்தி கை வலிக்குது என்று வந்து படுத்தவன். சம்பளத்தில் இதற்கென்று பத்து பைசா கூட இல்லை

பெரியம்மா: மாப்பிள்ளை, வர்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு சால்வை வாங்கிப் போட்டுவிடலாம்

அண்ணன்: இப்போதுதான் போனைப் பார்க்கிறேன். பெரியம்மா, சால்வை எல்லாம் வேண்டாம். கயிற்றைப் பிடித்தது வேற ரெண்டு பேர், அவர்கள் கை இல்லாவிட்டால் என் கட்டு மட்டும் என்ன செய்யும். அவனும் பயப்படாமல் பேசிக்கொண்டே இருந்தான், பேச்சு நின்றுவிடக் கூடாதென்று அவன் கல்யாணப் பேச்சை நான்தான் இழுத்தேன்

மதினி: வீட்டில் ஒரு வார்த்தை பேச மாட்டார், அங்கே மட்டும் கல்யாணப் பேச்சு

அண்ணன்: 😂 சித்தப்பா, உங்கள் டிராக்டரில் முதலுதவிப் பெட்டி இருக்கிறதா?

சித்தப்பா: பெட்டி இருக்கு. உள்ளே ஸ்பேனர்தான் கிடக்கு

அண்ணன்: ஸ்பேனரை வெளியே எடுங்கள். பேட், பேண்டேஜ், கையுறை நான் வாங்கி வருகிறேன். கரும்பு வெட்ட வருகிறவர்களில் ரெண்டு பேரையும் கூப்பிட்டு வையுங்கள், அழுத்திப் பிடிப்பது எப்படி என்று காட்டுகிறேன்