எம்ஜிபி 1976: டைமிங் கலையாமல் டிஸ்ட்ரிபியூட்டர் ஓ-ரிங் மாற்ற வழி உண்டா?

கேள்வி:
வணக்கம். என்னுடையது 1976 எம்ஜிபி ரோட்ஸ்டர் (திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் கார்), இங்கிலாந்து வண்டி. 1798 சிசி இன்ஜின், லூகாஸ் 45டி4 டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்). அது இன்ஜின் பிளாக்குக்குள் இறங்கும் இடத்தில் எண்ணெய் ஊறி வலது பக்கமாக வழிகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைத் (மேல்மூடி) திறந்தால் உள்ளே சுத்தமாக இருக்கிறது. ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை, டைமிங்கும் (பிளக்கில் தீப்பொறி பாயும் நேரம்) கச்சிதம். அதைக் கெடுத்துக்கொள்ளாமல் சரிசெய்ய வேண்டும். 40 வயது தாண்டிய வண்டிக்கு இங்கே எம்ஓடி (வருடாந்தர வாகனப் பரிசோதனை) கட்டாயமில்லை என்பதால், நாமே பார்த்தால்தான் உண்டு.

பதில் 1:
தம்பி, அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம். ராக்கர் கவரின் (இன்ஜினின் மேல்மூடி) கார்க் கேஸ்கெட் கசிந்தாலும் எண்ணெய் இதே வழியாகத்தான் இறங்கும். ஆயில் பிரஷர் கேஜுக்குப் போகும் ஹோஸும் அந்தப் பக்கம்தான். எல்லாவற்றையும் நன்றாகத் துடைத்து, முகப்பவுடர் தூவி, கொஞ்ச நேரம் ஐடிலில் ஓட விட்டுப் பாருங்கள். பவுடர் முதலில் எங்கே நனைகிறதோ அங்கேதான் கசிவு.

கேள்வி கேட்டவர்:
பார்த்துவிட்டேன் அண்ணா. மேலே எல்லாம் காய்ந்திருக்கிறது, டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் தகட்டைச் சுற்றி மட்டும் ஈரம்.

பதில் 2:
அப்படியென்றால் டிஸ்ட்ரிபியூட்டரின் ஓ-ரிங்தான் (எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்). கவலையே வேண்டாம், எம்ஜிபியில் இது சுலபமான வேலை. டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றும் கியர் இன்ஜினுக்குள்ளேயே தங்கிவிடும், அதைத் தொடப் போவதில்லை. ஷாஃப்டின் அடியில் இருக்கும் நாக்கு நடுவிலிருந்து சற்றே விலகியிருக்கும். அதனால் 180 டிகிரி திருப்பி மாட்ட முடியாது, சரியான வாக்கில் மட்டுமே இறங்கும்.

முக்கியமான விஷயம்: கிளாம்பில் டிஸ்ட்ரிபியூட்டரை இறுக்கிப் பிடிக்கும் ஒரு பிஞ்ச் போல்ட் இருக்கிறது, அதைத் தளர்த்தாதீர்கள். தகட்டைப் பிளாக்கோடு பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டை மட்டும் கழற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் தகட்டோடு சேர்ந்தே வெளியே வரும், டைமிங் அப்படியே நிற்கும். அதற்கு முன் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பிளக் வயர்களோடு கேப்பை ஒதுக்கி வையுங்கள். வாக்குவம் குழாய், காயிலிலிருந்து வரும் சின்ன வயர் இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

பழைய ஓ-ரிங்கை மரக்குச்சியால் நெம்புங்கள். ஸ்க்ரூடிரைவர் பள்ளத்தில் கீறல் போட்டால் புது ரிங்கும் கசியும். வைட்டான் (ஒரு வகை செயற்கை ரப்பர்) ரிங் கிடைத்தால் அதையே வாங்குங்கள், சூட்டை நன்றாகத் தாங்கும். இன்ஜின் ஆயில் தடவி இறக்கி, நாக்கு பள்ளத்தில் விழும்வரை ரோட்டரை (ஷாஃப்டின் உச்சியில் சுழலும் துண்டு) மெதுவாகத் திருப்புங்கள். சிலிக்கான் பசை மட்டும் வேண்டாம். பிய்ந்து உள்ளே விழுந்தால் ஆயில் பம்ப் வடிகட்டியில் போய் அடைக்கும்.

கையில் இருக்கும்போதே ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது, அப்போது ஓ-ரிங் மட்டும் போதாது. பாயிண்ட் (உள்ளே திறந்து மூடும் மின்தொடர்பு முனைகள்) இடைவெளியையும் பார்த்துவிடுங்கள்: 0.35 முதல் 0.40 மி.மீ.

பதில் 1:
இதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். கிராங்க்கேஸில் (இன்ஜினின் அடிப்பகுதி) அழுத்தம் ஏறினால் எந்த ரிங் போட்டாலும் நிற்காது. முன்பக்க டாப்பெட் கவரிலிருந்து (இன்ஜின் பக்கவாட்டில் உள்ள தகட்டு மூடி) கார்புரேட்டருக்குப் போகும் பிரீதர் (காற்றோட்டக்) குழாயைப் பாருங்கள். அந்தக் கவரில் இருக்கும் கம்பி வலையில் கசடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை வையுங்கள். லேசாக இழுத்தால் நல்லது, புஸ்ஸென்று ஊதினால் அடைப்பு.

கேள்வி கேட்டவர்:
ரிங் மாற்றியாகிவிட்டது. பழையது தட்டையாகி பிளாஸ்டிக் போல இறுகியிருந்தது, நெம்பியதும் இரண்டாக உடைந்தது. ஷாஃப்டில் ஆட்டம் இல்லை. டைமிங் லைட்டில் குறி பழைய இடத்திலேயே நிற்கிறது. மோட்டார்வேயில் ஓட்டி வந்து பார்த்தேன், கிளாம்ப் காய்ந்திருக்கிறது. ஆனால் மூடியைத் திறந்தால் ஊதுகிறது. டாப்பெட் கவரைக் கழற்றும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

பதில் 1:
கார்புரேட்டரையும் மேனிஃபோல்டையும் எடுத்தால்தான் கை நுழையும், அதற்கு நேரம் ஒதுக்குங்கள். கவரை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, குழாய் வழியாக ஊதிப் பாருங்கள். காற்று தடையில்லாமல் போக வேண்டும். கவரை நடுவில் ஒரே போல்ட்தான் பிடிக்கிறது. ரொம்ப இறுக்கினால் தகடு வளைந்து ஓரம் தூக்கிக்கொள்ளும், அங்கே புதிதாக ஒரு கசிவு ஆரம்பிக்கும். கேஸ்கெட் புதிதாகப் போட்டு, அது லேசாக அமுங்கியதும் நிறுத்திவிடுங்கள்.