மதிலை உயர்த்துவதா, குறைப்பதா? கொஞ்சம் யோசனை சொல்லுங்கள்

வணக்கம். தாம்பரம் பக்கம் ஒரு குறுக்குத் தெரு, மொத்தம் 22 வீடுகள். போன மாதம் இரவு ஏழரைக்கு, பால் வாங்கி வந்த பக்கத்து வீட்டு அக்காவின் சங்கிலியை பைக்கில் வந்தவர்கள் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் கத்தியது யார் காதிலும் விழவில்லை. எல்லா வீட்டுக்கும் ஏழடி மதில், தகரம் அடித்த கேட், உள்ளே டிவி சத்தம். தெருவிளக்கோ தூங்குமூஞ்சி மரக்கிளைக்குள் புதைந்து இலைகளுக்குத்தான் வெளிச்சம் காட்டுகிறது.

மதிலை இன்னும் இரண்டடி ஏற்றி, கண்ணாடிச் சில்லு பதிக்கலாம் என்கிறது எங்கள் சங்கம். எனக்கு இது நேர்மாறாகப் படுகிறது. உயர்ந்த மதில், உள்ளே குதித்தவனுக்குத்தான் மறைப்பு. தெருவைப் பார்க்கும் கண்களே காவல் என்று அமெரிக்க நகரங்களைப் பற்றி எழுதிய எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-லேயே நியூயார்க்கை வைத்து எழுதிவிட்டார். நம் திண்ணையும் அந்த வேலையைத்தான் பார்த்தது. கார் நிறுத்த இடித்துவிட்டோம் (எங்கள் வீட்டிலும்தான்).

சரி, கேள்விக்கு வருகிறேன். சுவரை மூன்றடியோடு நிறுத்தி மேலே கம்பி கிரில் போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அடிக்கு எவ்வளவு ஆனது? நாய், மாடு தொல்லை உண்டா? அப்புறம், மூலையில் சீமைக்கருவேலம் மண்டிய காலி மனை ஒன்று, உரிமையாளர் வெளியூர். அதைச் சுத்தம் செய்ய வைத்த அனுபவம் இருந்தால், யாரிடம் எப்படி மனு கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். படம் இருந்தால் கண்டிப்பாகப் போடுங்கள், எங்கள் செயலாளர் பேச்சுக்கு மசிய மாட்டார்.