எம்-சாண்ட் இருப்பு மைனஸில் போகிறது, ஈஆர்பி தெரிந்தவர்கள் உதவவும்

காட்பாடி கணக்கர்:
வணக்கம். வேலூரில் ஒரு கட்டட ஒப்பந்ததாரரிடம் கணக்குப் பார்க்கிறேன். காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை என்று மூன்று சைட். இத்தனை நாள் டேலி என்ற கணக்கு மென்பொருளும் நோட்டும்தான். ஏப்ரலில் முதலாளி ஈஆர்பி (கொள்முதல், இருப்பு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் மென்பொருள்) போட்டுவிட்டார். இப்போது குடியாத்தத்தில் எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) இருப்பு மைனஸ் 37 கன மீட்டர் என்கிறது. வீடியோ காலில் பார்த்தால் மணல் குவியல் அப்படியே கிடக்கிறது, மேலே ஒரு நாய் படுத்திருக்கிறது. சிமெண்டும் 40 மூட்டை மைனஸ். செட்டப் செய்தவர், "நெகட்டிவ் ஸ்டாக்கை அனுமதித்துவிடுங்கள், எர்ரர் வராது" என்கிறார். செய்யலாமா?

ஓய்வுபெற்ற ஸ்டோர் கீப்பர்:
செய்யாதீர்கள் தம்பி. காய்ச்சல் இருக்கும்போது தெர்மாமீட்டரை ஒளித்துவைக்கிற கதை அது. மணல் எந்த அளவில் வருகிறது, எந்த அளவில் செலவெழுதுகிறீர்கள்?

காட்பாடி கணக்கர்:
டிரைவர் தரும் எடைச்சீட்டில் டன். சூப்பர்வைசர் "4 யூனிட் லோடு" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவார், அதைத்தான் ஏற்றுகிறேன். செலவு, கான்கிரீட் அளவை வைத்துக் கன மீட்டரில் தானாகக் கழிகிறது. இதுவரை 6 லோடு வந்தது, 61 கன மீட்டர் கழிந்தது.

ஆம்பூர் சைட் இன்ஜினியர்:
அங்கேதான் கோளாறு. ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். மாஸ்டரில், அதாவது ஒவ்வொரு பொருளுக்கும் அளவு விகிதம் பதிந்துவைக்கும் இடத்தில், 1 யூனிட்டுக்கு 1 கன மீட்டர் என்று போட்டிருப்பார்கள். 24 யூனிட் வந்ததை 24 என்றே எடுத்து 61-ஐக் கழித்தால் மைனஸ் 37. உண்மையில் வந்தது 68, மீதி 7 இருக்க வேண்டும். மாஸ்டரைத் திருத்துங்கள். ஆனால் பழைய ரசீதுகள் தானாக மாறாது. குவியலை அளந்து இருப்புச் சரிக்கட்டல் பதிவு ஒன்று தனியாகப் போட வேண்டும்.

ஓய்வுபெற்ற ஸ்டோர் கீப்பர்:
லாரியையும் டேப் வைத்து அளங்கள். 16 அடி நீளம், 7 அடி அகலம், மூன்றரை அடி உயரம் என்றால் 392 கன அடிதான். 4 யூனிட்டுக்கு 8 கன அடி குறைவு. இதை எந்த மென்பொருளும் சொல்லாது. சிமெண்ட் 40 மூட்டை பக்கத்து சைட்டில் கடன் வாங்கியதாக இருக்கும், மேஸ்திரியைக் கேளுங்கள்.

காட்பாடி கணக்கர்:
நேற்று நேரில் போய் வந்தேன். மே மாத வெயிலில் டேப் பிடிக்கவே முடியவில்லை, வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள். குவியல் ஏழுக்குக் கொஞ்சம் குறைவு. மாஸ்டரில் நீங்கள் சொன்ன அதே 1தான் இருந்தது. சிமெண்ட், ராணிப்பேட்டையிலிருந்து ராத்திரி டாட்டா ஏஸில் வந்ததாம். அங்கே இன்னும் 40 மூட்டை அதிகமாகக் காட்டுகிறது. சைட் மாற்றப் பதிவு போடவில்லையா என்று கேட்டால், "அந்தப் பக்கத்தில் 14 கட்டம் இங்கிலீஷில் இருக்குங்கண்ணா, கான்கிரீட் போடுவேனா அதை நிரப்புவேனா?" என்கிறார் சூப்பர்வைசர்.

ஆம்பூர் சைட் இன்ஜினியர்:
நியாயம்தானே? பொருள், அளவு, எந்த சைட்டிலிருந்து. மூன்று கட்டம் போதும், அதையும் தமிழில் வைக்கச் சொல்லுங்கள். மற்றதை நீங்கள் ஆபீஸில் நிரப்பலாம். ஆறு மாதம் டேலியை நிறுத்தாதீர்கள்.

காட்பாடி கணக்கர்:
சரி அண்ணா. மூன்று கட்டத்துக்கு முதலாளி ஒப்புக்கொண்டார். டேலியும் ஓடட்டும் என்றதும்தான், "அப்புறம் இதற்கு எதற்குக் காசு கொடுத்தேன்?" என்று ஆரம்பித்துவிட்டார்.