நாயோடு வட்ட நடை: கோனித் தீவு வேண்டுமா, வேண்டாமா?

கருப்பன் அப்பா:
நாய் வளர்ப்பவர்களுக்கு ஏன் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் வட்டப் பாதைதான் தோது என்று போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார். வழிகாட்டி நாயைத் தவிர வேறெந்த நாயையும் இங்கே சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயிலிலோ பேருந்திலோ ஏற்ற முடியாது, அதுதான் காரணம். பழைய ரயில் தடத்துப் பசுமைப் பாதை 24 கிலோமீட்டர், அழகுதான், ஆனால் நடுவில் நாய் படுத்துக்கொண்டால் வந்த வழியே திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் நாயை ஏற்றும் வாடகைக் காருக்குத் தண்டம் அழ வேண்டும். நான் சொல்வது: வடகிழக்கே பொங்கோல் பாயிண்ட் பக்கம் காரை நிறுத்தி, மேற்கு வாசல் வழியாகக் கோனித் தீவுப் பூங்காவுக்குள் போய், சவுக்கு நிழலில் நடந்து கிழக்கு வாசலில் வெளியேறி, எதிர்க்கரையில் உள்ள பாதையில் திரும்பிவிடலாம். கயிறு கட்டாயம். வாசல் காலை 7 முதல் மாலை 7 வரை.

சிராங்கூன் மைனா:
வட்டம் சரி அண்ணே, அதற்குள் கோனித் தீவு எதற்கு? 2015இல் திறந்தபோதே மின்கம்பியும் குழாய்த் தண்ணீரும் இழுக்காமல், விழுந்த சவுக்கு மரத்திலேயே பெஞ்சு செய்து, முடிந்தவரை காடாகவே விட்டார்கள். இரவில் இரை தேடும் பக்கி மாதிரிப் பறவைகள் தரையில்தான் முட்டையிடும். நாய் கயிற்றில் இருந்தாலும் கிட்டே வந்தால் போதும், தாய்ப்பறவை எழுந்து பறந்துவிடும். சுங்கை பூலோவிலும் புக்கிட் தீமா காட்டிலும் நாய்க்கு அனுமதி இல்லை, இங்கே மட்டும் எப்படி?

கருப்பன் அப்பா:
அவை சட்டப்படி இயற்கைக் காப்பகங்கள், இது பூங்கா. 2016 வரை ஒரு முழுக் காளையே அந்தத் தீவில் தன்னிஷ்டத்துக்கு மேய்ந்துகொண்டிருந்ததே, அப்போது பக்கியைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. என் நாய் கருப்பன் நடுப்பாதையை விட்டு இறங்குவதே இல்லை. வாடகை சைக்கிளில் கூட்டமாக வந்து கத்திக்கொண்டே போகிறவர்களை முதலில் கேளுங்கள்.

பாசிர் ரிஸ் செல்வி:
இரண்டு பேரும் பறவையையும் சைக்கிளையும் பேசுகிறீர்கள், எதிரே வரும் மனுஷரைப் பேச ஆளில்லை. என் மாமியாருக்கு நாயைக் கண்டால் கை கால் உதறும். அந்தப் பாதையில் ஒதுங்கி நிற்கவும் இடம் குறைவு. இழுக்க இழுக்க நீளும் கயிறு ஒன்று விற்கிறார்களே, அதைப் பிடித்துக்கொண்டு பத்தடி பின்னால் போனைப் பார்த்தபடி வந்து, "ஒன்றும் செய்யாது ஆன்ட்டி" என்று சொல்வார்கள். செய்யாது என்று உங்களுக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரியும்? நாயை ஓடவிட ஆசை என்றால் பீஷான் பூங்காவிலும் செம்பவாங் பூங்காவிலும் அதற்கென்றே வேலி போட்ட இடம் இருக்கிறது.

கருப்பன் அப்பா:
அந்த நீளும் கயிற்றுக்கு நானும் எதிரிதான் அக்கா. ஆனால் வேலிக்குள் ஓடுவது வேறு, நடை வேறு. ஒவ்வொரு புதரையும் மோந்து பார்த்தால்தான் அதற்கு நடந்த மாதிரியே இருக்கும்.

நாலுகால் நண்பன்:
கோனித் தீவுக்கு என் ஓட்டு உண்டு, ஆனால் அண்ணன் சொன்ன திசை தலைகீழ். காலை 7 மணிக்கு நிழலுள்ள தீவுக்குள் போய்விட்டு, வெயில் ஏறிய பிறகு நிழல் குறைந்த எதிர்க்கரையில் திரும்புவதா? வெளிப்பாதையை முதலில் முடித்துவிட்டுக் கிழக்கு வாசல் வழியாக உள்ளே வாருங்கள். சிமெண்டுத் தரையில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. உள்ளே தண்ணீர் கிடைக்காது, பாட்டில் உங்களுடையது. கடற்கரைப் பக்கம் இறங்கினால் மணல் ஈ கடித்துத் தடித்துவிடும், நாய்க்கும்தான். அப்புறம் பொங்கோல், லோரோங் ஹாலுஸ் பக்கம் ஆளில்லா நாய்கள் கூட்டமாகத் திரியும். 2018இலிருந்து பிடித்துக் கருத்தடை செய்து வருகிறார்கள், இருந்தாலும் தூரத்தில் பார்த்ததுமே திரும்பிவிடுங்கள், ஓடாதீர்கள்.

சிராங்கூன் மைனா:
தண்ணீர் இல்லை, மணல் ஈ, நாய்க்கூட்டம். இவ்வளவையும் சொல்லிவிட்டு அதற்கு ஓட்டு வேறு! 4.2 கிலோமீட்டர் பொங்கோல் நீர்வழி இருக்கிறது, ஒரு கரையில் போய்ப் பாலம் தாண்டி மறுகரையில் திரும்பினால் அதுவும் வட்டம்தான். நிழலுக்கு ஒதுங்கலாம், கோப்பிக்கடையும் தூரமில்லை.

கருப்பன் அப்பா:
ஞாயிற்றுக்கிழமை அங்கே தள்ளுவண்டியும் குழந்தைகளுமாக இருக்கும், செல்வி அக்காவின் மாமியாரும் அங்கேதான் வருவார். திசையை மட்டும் மாற்றிக்கொள்கிறேன். தீவை விடுவதாக இல்லை.

பாசிர் ரிஸ் செல்வி:
மாமியார் வரமாட்டார், கவலைப்படாதீர்கள். நான் வருவேன், கயிற்றை அளந்து பார்ப்பேன்.