நாளைக்குள்ள 10,000 கட்டச் சொல்றாங்க, கட்டலாமா?

பாம்பன்காரன்:
அண்ணன்மாரே ஒரு விவரம் வேணும். தங்கச்சி பிளஸ் டூ முடிச்சிருக்கா, இன்ஜினியரிங் கட்ஆஃப் 200க்கு 158 வருது. ரிசல்ட் வந்த அன்னைக்கு இன்ஸ்டால ஏதோ ஒரு காலேஜ் விளம்பரம், உங்க மார்க்குக்கு எவ்வளவு ஸ்காலர்ஷிப்னு பாருங்கன்னு போட்டிருந்தாங்களாம், இவளும் பேரு நம்பர் மார்க் எல்லாம் அடிச்சு விட்டுட்டா. அன்னையிலேர்ந்து ஒரே போன்தான், கேள்வியே படாத காலேஜ்லேர்ந்தெல்லாம் பேசுறாங்க. ஒரு மேடம் 10,000 கட்டி சீட்ட பிளாக் பண்ணுங்க நாளையோட முடியுதுங்கறாங்க. வெப்சைட்ல பாத்தா நல்லாத்தான் இருக்கு, ஆனா இது மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரைக்கும் அப்பாவோட படகு கரையிலதான் கிடக்கும், அவர்கிட்ட காசு கேக்கவே சங்கடமா இருக்கு.

பழைய டெலிகாலர்:
கட்டாதீங்க தம்பி. நான் ரெண்டு வருசம் ஒரு காலேஜ் அட்மிஷன் ஆபீஸ்ல இருந்தவன். அந்த ஃபார்ம் ஸ்காலர்ஷிப்புக்கு இல்ல, நம்பருக்கு. அதுக்குப் பேரு லீடு. மாவட்டம் வாரியா விளம்பரம் ஓடும், வர்ற நம்பரெல்லாம் காலைல எக்செல்ல எங்க டேபிளுக்கு வந்துரும், ஆளுக்கு இத்தனை பேரச் சேக்கணும்னு டார்கெட் வேற. நாளையோட முடியுதுன்னு ஆகஸ்ட் வரைக்கும் சொல்லுவோம் 😄

கீழக்கரை டீச்சர்:
தங்கச்சி 6லேர்ந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளிக்கூடமா? அதச் சொல்லுங்க முதல்ல. ஆமான்னா 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு, இன்ஜினியரிங்குக்கு 2021லேர்ந்து வந்துச்சு, அந்தக் கோட்டால கவுன்சிலிங் வழியா சீட் கிடைச்சா படிப்பு பீஸ், ஹாஸ்டல் பீஸ் ரெண்டையும் அரசே கட்டிரும். மேனேஜ்மெண்ட் சீட்டுல போனா இது கிடையாது, அத எந்தக் காலேஜ் பேஜ்லயும் போட மாட்டான். டிஎன்இஏன்னு அரசு நடத்துற இன்ஜினியரிங் கவுன்சிலிங் சைட்ல போன வருசம் எந்தக் காலேஜ்ல எந்த கட்ஆஃபுக்கு சீட் முடிஞ்சுச்சுன்னு சாதி ஒதுக்கீடு வாரியா இருக்கும், அதப் பாருங்க. காலேஜ் சைட்ல மேண்டேட்டரி டிஸ்க்ளோஷர்னு அடியில சின்ன எழுத்துல ஒரு லிங்க் கிடக்கும், வாத்தியார் லிஸ்ட், பீஸ் விவரமெல்லாம் அதுலதான். நீச்சல்குளம் மட்டும் முதல் பக்கத்துலயே வந்துரும்!

மண்டபம் பையன்:
டீச்சர் சொல்றது சரிதான், ஆனா எல்லாமே ஏமாத்துன்னும் சொல்லிராதீங்க. எங்க காலேஜ்ல சேந்த உடனே வாட்ஸ்அப் குரூப்ல போட்டாங்க, ஹாஸ்டல் மெஸ்ஸு பஸ்ஸு எல்லாம் சீனியர் அண்ணனுங்களே சொல்லிட்டாங்க, இங்கேர்ந்து கோயம்புத்தூருக்கு ஒரு நடை மிச்சம். ப்ளேஸ்மெண்ட் போஸ்டர மட்டும் நம்பாதீங்க, ஒரே மூஞ்சி மூணு வருசமா சிரிச்சுக்கிட்டு இருக்கு. அதுல இருக்குற ஆள லிங்க்டுஇன்ல தேடுங்க.

பாம்பன்காரன்:
அரசுப் பள்ளிக்கூடம்தான் டீச்சர், ஆறாவதுலேர்ந்து. நேத்து ராத்திரி ஜீபேல அனுப்பத்தான் இருந்தேன், நல்லவேளை நெட்டு கிடைக்கல. புல்லங்குடி அண்ணா யுனிவர்சிட்டி காலேஜையும் சேத்து லிஸ்ட் போட்டுக்கிட்டு இருக்கோம். போன் இன்னும் வருது, இப்ப அம்மாதான் எடுக்குது, கருவாடு எத்தன கிலோ வேணும்னு கேட்ட உடனே அவங்களே வச்சிர்றாங்க.