அம்மாவின் கால் வீக்கம்: நர்ஸும் எங்கள் டாக்டரும் பேசிய பிறகு

பக்கவாதம் வந்து அரசு மருத்துவமனையிலிருந்து அம்மா வீடு திரும்பியதும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினார்களே, அதே திட்டம். பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வந்தது, பிசியோதெரபிஸ்ட்டும் வந்தார். நடக்க முடியாதவரை வைத்திருக்கும் வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். இடையில் காய்ச்சல், தலைசுற்றல் என்றால் வழக்கம்போல எங்கள் குடும்ப டாக்டர்.

சில மாதத்தில் அம்மாவுக்கு இரண்டு காலும் வீங்கின. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. டாக்டர் நீர் பிரிய மாத்திரை எழுதினார். வீக்கம் வடியவில்லை, ராத்திரியெல்லாம் பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போனதுதான் மிச்சம்.

அதே திட்டத்தில் வீட்டுக்கு வந்த நோய்த்தணிப்பு நர்ஸ் (நோயின் சிரமத்தைக் குறைக்கப் பார்ப்பவர்) பிரஷர் பார்த்துவிட்டு, "சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்கக்கா" என்றார். கட்டிலில் பரப்பி ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்தார். திட்டத்தில் கொடுத்த பிரஷர் மாத்திரை அம்லோடிபின் 5 மி.கி. எங்கள் டாக்டர் தனியாக எழுதியிருந்த பிரஷர் மாத்திரைக்கு அட்டையில் வேறு பெயர். பின்பக்கம் பொடி எழுத்தில் டெல்மிசார்ட்டன் 40, அம்லோடிபின் 5. ஒரே மருந்து தினமும் இரட்டிப்பாக உள்ளே போயிருக்கிறது. அளவு கூடினால் கால் வீங்கக்கூடிய மருந்தாம் அது.

உடனே நிறுத்தச் சொல்லாமல், என் போனிலிருந்தே டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டரும் முகம் சுளிக்கவில்லை. "நல்லவேளை சொன்னீங்க சிஸ்டர்" என்றார். கூட்டு மாத்திரைக்குப் பதில் டெல்மிசார்ட்டன் மட்டும், நீர் மாத்திரை வேண்டாம் என்று மாற்றினார். வீக்கம் மெல்ல வடிந்து, அம்மாவுக்குப் பழைய செருப்பு மறுபடி காலில் ஏறியது.

மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியை டாக்டர் பார்த்திருந்தார். அதற்குப் பிறகு வீட்டில் கொடுத்தது எதுவும் அவருக்குப் போகவில்லை. அவர் எழுதியது நர்ஸுக்கும் வரவில்லை. இப்போது அம்மா தலைமாட்டில் ஒரே நோட்டு. நர்ஸ் பிரஷர் அளவை எழுதுகிறார். டாக்டர் எதை மாற்றினாலும் தேதி போட்டு, கம்பெனிப் பெயரோடு மருந்தின் பெயரையும் எழுதுகிறார். இதைக் குடும்பத்தார் ஏற்பாடு செய்யும்படி விடக்கூடாது. வீட்டுக்கு வரும் குழுவின் பதிவிலேயே குடும்ப டாக்டரின் போன் நம்பருக்கு ஓர் இடம் வேண்டும். உங்கள் ஊரில் யாராவது அப்படிக் குறித்துக்கொள்கிறார்களா?