நேப்பர்வில்லா, அரோராவா?

நான்: சித்தி, வீடு பிடித்துவிட்டது. வாடகையும் கட்டுப்படியாகும். ஆனால் முகவரியில் அரோரா என்று இருக்கிறது. பாப்பாவுக்கு நேப்பர்வில் பக்கத்துப் பள்ளிக்கூடம் கிடைக்காதா?

சித்தி: ஊர்ப் பெயரைப் பார்த்து மனதை விட்டுவிடாதே கண்ணு. அரோரா, அமெரிக்காவில் சிகாகோ பக்கம் நாலு கவுண்டியில் கிடக்கிற ஊர். டுபேஜ், கேன், கெண்டல், வில். நேப்பர்வில்லும் அப்படித்தான், வடபக்கம் டுபேஜ், தென்பக்கம் வில். வீடு எங்கே?

நான்: ரூட் 59 நெடுஞ்சாலைக்கு மேற்கே, இயோலா ரோடு பக்கம்.

சித்தி: சரி, அங்கே நிறைய வீடுகள் 204ஆம் பள்ளி மாவட்டத்தில் வரும். பள்ளி மாவட்டம் என்றால் ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்துகிற அமைப்பு. நேப்பர்வில்லில் நிறையப் பிள்ளைகள் படிப்பதும் அதில்தான், இன்னும் நிறையப் பேர் 203இல். ஆனால் பள்ளி எல்லை ஊர் எல்லையோடு போகாது. கதவு எண்ணைச் சொல்லி பள்ளி மாவட்ட ஆபீசிலேயே கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடு.

பெரியப்பா: கவுண்டி என்றால் நம் ஜில்லா மாதிரியா? தலைநகர் நேப்பர்வில்லா?

சித்தி: ஜில்லா மாதிரிதான் அத்தான். நம் டுபேஜ் கவுண்டிக்குக் கீழே ஒன்பது டவுன்ஷிப், தாலுகா என்று வைத்துக்கொள்ளுங்கள். 2020 கணக்கெடுப்பில் 9,32,877 பேர். 1839இல் குக் கவுண்டியிலிருந்து பிரித்தபோது நேப்பர்வில்தான் தலைநகர். தலைநகரை மாற்ற நடந்த 1867 ஓட்டெடுப்பில் வீட்டன் என்ற ஊர் ஜெயித்தது. நேப்பர்வில்காரர்கள் கவுண்டி ஆவணங்களைத் தரவில்லை. அடுத்த வருடம் வீட்டன்காரர்கள் ராத்திரியில் வந்து கோர்ட்டுக்குள் புகுந்து அள்ளிக்கொண்டு போனார்கள்!

பெரியப்பா: அடேயப்பா! எல்லாவற்றையுமா?

சித்தி: கொஞ்சம் தப்பியது. பத்திரமாக இருக்கட்டும் என்று சிகாகோவுக்கு அனுப்பினார்கள். 1871 பெருந்தீயில் அதுவும் போய்விட்டது. எத்தனை குடும்பத்து நிலக் கணக்கோ, நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்கவில்லை.

அண்ணா: பாலாஜி கோயில் இவளுக்குப் பக்கமா சித்தி?

சித்தி: அதே அரோராதான், ஆனால் கேன் கவுண்டிப் பக்கம். கார் இருந்தால் கவலையில்லை. ஆபீசுக்கு ரூட் 59 ஸ்டேஷனில் ஏறினால் நேரே சிகாகோ யூனியன் ஸ்டேஷன்.

நான்: நடக்க இடம் உண்டா சித்தி? இங்கே எல்லாம் கார் சாலையாகத் தெரிகிறது.

சித்தி: இதைத்தான் நீ கேட்கவேண்டும் என்றிருந்தேன். பிரெய்ரி பாத் இருக்கிறது. ஒரு காலத்தில் மின்சார ரயில் ஓடிய தடம், 1957இல் பயணிகள் ரயில் நின்றுபோனது. 1963இல் மே வாட்ஸ் என்ற அம்மா பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார், இதை நடைபாதையாக்குங்கள் என்று. அந்தக் கடிதத்தால் வந்த பாதை. சுண்ணாம்புக்கல் பொடி போட்டிருப்பார்கள், செருப்புக்கடியில் நறநறவென்று கேட்கும். அக்டோபரில் இரண்டு பக்கமும் மேப்பிள் இலை உதிர்ந்து கிடக்கும். எனக்கு இங்கே ஊர் என்று ஒட்டிக்கொண்டது அந்தப் பாதையில் நடந்துதான்.

அண்ணா: மலை கிலை?

சித்தி: எல்லாம் சமதரை. வாரன்வில் பக்கம் மவுண்ட் ஹாய் ஒன்று உண்டு, குப்பையைக் கொட்டி மண் மூடி எழுப்பிய குன்று. வானம் தெளிவாக இருந்தால் உச்சியிலிருந்து சிகாகோ கட்டிடங்கள் தெரியும். பாப்பாவுக்குப் பிடிக்கும்.

நான்: பள்ளி மாவட்டத்துக்கு இப்போதே கூப்பிடுகிறேன் சித்தி.

சித்தி: கூப்பிடு. பதில் என்னவானாலும் இந்தக் குழுவிலேயே போடு, சனிக்கிழமை நானும் கூட வந்து வீட்டைப் பார்க்கிறேன்.